வாய் நனைக்காதவள்

மோர்டென்ஸ்ருட் ரயில் நிலையத்து வாசலில் என் இரண்டு பெட்டிகளையும் பார்த்துவிட்டு, "இவ்வளவத்தையும் நீங்கள் தனியவோ இழுத்துக்கொண்டு வந்தனீங்கள்?" என்று டிலக்சி அக்கா கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சென்னையில் விமானம் ஏறியதிலிருந்து என் காதில் விழுந்த முதல் தமிழ் அது. அழுதால் அசிங்கமாக இருக்கும் என்று, "சக்கரம் இருக்குல்லக்கா, அதுவே உருண்டு வந்துருச்சு" என்று சொல்லிச் சிரித்துவைத்தேன்.

அக்கா என்று நானாக வைத்துக்கொண்டதுதான். அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறையை நான் வாடகைக்குப் பிடித்திருந்தேன். வீடு குலசேகரம் அங்கிளுக்கும் சிவகாமி ஆன்ட்டிக்கும் சொந்தம். யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக் காலத்தில் அகதிகளாக வந்து ஆஸ்லோவில் ஊன்றிவிட்டவர்கள். நான் வந்து சேர்ந்த சமயம் இருவரும் உறவுக்காரக் கல்யாணத்துக்காக டொரண்டோ போயிருந்தார்கள். வீட்டில் மகள் டிலக்சி மட்டும். ஆஸ்லோவிலேயே பிறந்தவள், முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ்.

முதலில் மேலே சமையலறைக்குக் கூட்டிப்போனாள். அடுப்பில் புட்டு அவிந்த வாசனையும் மீன்குழம்பு வாசனையும் சேர்ந்து வந்தன. விமானத்தில் கொடுத்த ரொட்டி என்ன ரொட்டியோ, எப்போது தின்றேனோ.

"புட்டு அவிச்சனான். மீன்கறியும் இருக்கு. சாப்பிடுறீங்களோ?"

"ஐயோ, எதுக்குக்கா? வேண்டாம். பிளைட்லயே சாப்ட்டேன்."

"தண்ணி?" குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து நீட்டினாள்.

"பாட்டில்ல இருக்குக்கா."

"ஓகே," என்று அந்தத் தண்ணீரைத் தானே குடித்தாள். பிறகு ஒரு சாவியை எடுத்து, "இது உங்கட நொக்கெல். வாஷிங் மெஷின் உங்கட அறைக்குப் பக்கத்திலை. ஏதும் தேவை எண்டால் சொல்லுங்கோ" என்றாள்.

நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அடுத்தது அவள் முறை என்பது அவளுக்குத் தெரியவில்லை. "தூங்குங்கோ, களைச்சுப்போயிருப்பியள்" என்று சிரித்துவிட்டு, தட்டில் தனக்குப் புட்டு எடுத்துவைக்கத் தொடங்கினாள்.

கோவில்பட்டியில் சாப்பிடக் கூப்பிடுவது மூன்று சுற்று. முதல் சுற்றில் அவர்கள் கூப்பிட வேண்டும், நாம் வேண்டாம் என்க வேண்டும். இரண்டாவதில் "அட, சும்மா உக்காருங்க" என்பார்கள், நாம் "இப்பத்தான் சாப்ட்டு வந்தேன்" என்போம். மூன்றாவதில் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துத் தட்டையும் வைத்துவிடுவார்கள். அதற்குமேல் மறுத்தால் கோபம் வந்துவிடும் என்பதால் சாப்பிடுவோம், வயிறு முட்ட. முதல் கூப்பாட்டிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தால் பறக்காவெட்டி என்று பெயர் வாங்க வேண்டியதுதான். ஊரிலிருந்து கிளம்பும்போதுகூட அம்மா பஸ் சன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதைத்தான். "யாரு வீட்டுலயும் கூப்ட்ட ஒடனே உக்காந்துராத செம்பகம். சோத்துக்கு வழியில்லாம வந்தவன்னு நெனச்சிருவாக. நாலு தரம் கூப்பிடட்டும்."

கீழே வந்து கதவைச் சாத்தினேன். பாதி தரைக்குள் புதைந்த அறை. சன்னலைத் திறந்தால் புல் கண்ணுக்கு நேராக நின்றது. மேலே அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்குக் கொடுக்கவென்று கொண்டுவந்த கடலைமிட்டாய்ப் பாக்கெட்டைப் பிரித்து நானே தின்றேன். அப்படியாக அவர்களுக்குக் கொண்டுவந்த சீரும் போயிற்று.

பல்கலைக்கழகத்தில் வகுப்பு தொடங்க இன்னும் நாள் இருந்தது. சும்மா கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தினமும் காலையில் ரயில் ஏறி ஊரைப் பார்க்கப் போனேன். மோர்டென்ஸ்ருட்டிலிருந்துதான் வண்டியே புறப்படுகிறது என்பதால் எப்போதும் சன்னலோரம் கிடைக்கும். பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வரும். கூட்டம் ஏறும், நிற்பார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள், ஆனால் உட்காரமாட்டார்கள். முதல் நாள் என்மேல் ஏதும் வாடை அடிக்கிறதோ என்று தோளை முகர்ந்து பார்த்துக்கொண்டேன். பிறகு கவனித்தால் எல்லோருக்குப் பக்கத்திலும் அப்படித்தான் காலியாக இருந்தது. ஆளுக்கு இரண்டு இருக்கை, ஒன்று யாரும் வந்துவிடாமல் இருப்பதற்கு.

ஊர் அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பொய். ராஜா குடியிருக்கும் அரண்மனைக்கு மதில் இல்லை, யார் வேண்டுமானாலும் முன்வாசல் வரை நடக்கலாம். எங்கள் ஊரில் தாசில்தார் ஆபீசுக்கே கம்பிக் கேட் உண்டு. சாலையைக் கடக்கக் காலை வைக்குமுன் கார்கள் தானாக நின்றன. கோவில்பட்டி மெயின் ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக் கடந்து வளர்ந்தவளுக்கு அது பயத்தைத்தான் தந்தது. நான் காருக்காக நிற்க, கார் எனக்காக நிற்க, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றோம். கடந்துபோய்க் கையை ஆட்டினால் உள்ளே இருப்பவர் பார்க்கவில்லை. அவருக்குச் சட்டம் நிற்கச் சொன்னது, நின்றார். எனக்காக நிற்கவில்லை.

சிலைகள் நிறைந்த பெரிய பூங்காவுக்குப் போனபோது அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டே நடந்தேன். "பூவெல்லாம் எம்புட்டு அழகா இருக்கு" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் பாலத்தின் இருபுறமும் ஆணும் பெண்ணுமாகப் பொட்டுத் துணியில்லாத சிலைகள் வரிசையாக வந்துவிட்டன. சட்டென்று கேமராவை வானத்துக்குத் திருப்பினேன். "என்னட்டி, மேகத்தைக் காட்டுற?" என்றாள். "இங்க மேகந்தாம்மா பேமஸ்" என்றேன். அழைப்பு முடிந்தபின் அந்தச் சிலைகளுக்கு நடுவே நின்று தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது, இதைச் சொல்லிச் சிரிக்க ஒருவரும் இல்லையே என்று தோன்றியது. அதற்குப் பிறகு பூங்காவில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் புதியவர்களைக் குழு குழுவாகப் பிரித்துச் சுற்றிக் காட்டினார்கள். என் குழுவில் யூலியா என்றொரு நார்வேப் பெண். பையிலிருந்து பட்டை மணக்கும் பன் ஒன்றை எடுத்து, பாதி வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வேண்டும் என்று வாங்கித் தின்றேன். ஒரே சுற்றில் முடிந்தது. அதுதான் எனக்கே விளங்கவில்லை. ஆங்கிலத்தில் கேட்டால் எனக்குக் கூச்சமே வருவதில்லை. தமிழில் கேட்டால் மட்டும் வாய் தானாக வேண்டாம் என்கிறது. யூலியா கையைத் தட்டிக்கொண்டு, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று தன் கூட்டாளிகளோடு போய்விட்டாள். அவர்கள் பீர் குடிக்கப் போனார்கள், நான் ரயிலேறப் போனேன்.

அன்று ரயிலில் என் பின்னிருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்து அம்மாக்கள் யாருடைய முழங்கால் ஆபரேஷனைப் பற்றியோ கதைத்துக்கொண்டு வந்தார்கள். திரும்பிச் சிரித்தால் நன்றாக இருக்காது என்று சன்னலைப் பார்த்துக்கொண்டே காதை மட்டும் பின்னுக்கு விட்டிருந்தேன். முழங்காலுக்கு உரியவர் மூன்றாம் மாடியில் இருக்கிறாராம், லிப்ட் இல்லையாம். எனக்கு அவரைப் பற்றி உண்மையாகவே கவலையாக இருந்தது. கடைசி நிலையத்தில் அவர்கள் இறங்கி ஒரு பக்கம் போக, நான் இன்னொரு பக்கம் போனேன். அந்த முழங்கால் என்ன ஆனது என்று தெரியாமலே போய்விட்டது.

அறைக்கு வந்து சோறு வைக்கும்போதுதான், பன்னுக்கு நன்றி சொன்னதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. "செண்பகவல்லி" என்று என் பெயரையே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். குரல் கட்டியிருந்தது. அடுப்பைப் பார்த்து இரண்டாம் தடவை சொன்னேன். எங்கள் ஊர் அம்மனின் பெயர் அது. ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும், கூப்பிட்டால் நாலு பேரும் திரும்புவார்கள். இங்கே ஒருத்தியைக் கூப்பிடவும் ஆளில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலேயிருந்து சாம்பிராணி வாசனை வந்தது. அக்கா கோயிலுக்குக் கிளம்புகிறாள் என்று ஊகித்து, நான் சுடிதாரை எடுத்துக் கட்டிலில் விரித்துவைத்தேன். நினைத்தபடியே கதவு தட்டப்பட்டது.

"செண்பகா, நான் கோயிலுக்குப் போறன். கார் இருக்கு. வாறீங்களோ?"

"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்?"

"எனக்குச் சிரமம் இல்லை. உங்களுக்கு விருப்பமோ?"

விருப்பமா என்று யாராவது நேருக்கு நேராகக் கேட்பார்களா? விருப்பம் என்று எப்படி வாய்விட்டுச் சொல்வது? "பரவால்லக்கா, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை அப்போதே தைத்துப் போட்டிருக்கலாம்.

"ஓகே. ஹா டே," என்று நார்வே மொழியில் விடைசொல்லிவிட்டு அக்கா படியேறினாள். கார் போகும் சத்தம் அடங்கும் வரை கதவருகிலேயே நின்றேன். பிறகு சுடிதாரை மடித்து வைத்தேன்.

கண்ணாடி முன் நின்று பழகினேன். "சரிக்கா, வாரேன்." "ஆமாக்கா, சாப்பிடுறேன்." நன்றாகத்தான் வந்தது. ஆனால் மறுநாள் காலை அக்கா படிக்கட்டில் எதிரே வந்தபோது, "தேத்தண்ணி போட்டனான், குடிக்கிறீங்களோ?" என்று கேட்டாள். "இப்பத்தான் குடிச்சேன்க்கா" என்றேன். பழக்கம் அத்தனை சீக்கிரம் விடுகிற சனியன் இல்லை. இந்தத் தடவை அக்கா ஓகேகூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். இனிக் கேட்கமாட்டாள் என்று அந்த முதுகைப் பார்த்ததுமே தெரிந்தது.

அன்று மதியம் அம்மா போனில் கேட்டாள். "அந்த வீட்டுப் பிள்ள சாப்பிடக் கூப்ட்டாளா?"

"கூப்ட்டாகம்மா. நான் வேண்டாம்னுட்டேன்."

"அப்படித்தான் இருக்கணும். இன்னும் கூப்பிடுவாக பாரு. தனியாவா கெடக்க?"

"இல்லம்மா. நெறையப் பேரு இருக்காக" என்றேன். சன்னலுக்கு வெளியே புல் ஆடிக்கொண்டிருந்தது.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் வாஷிங் மெஷினில் அக்கா துணி போடும் சத்தம் கேட்டது. கூடவே பேச்சு. டொரண்டோவிலிருக்கும் அம்மாவோடு போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த மரச்சுவர் தடுப்பதாகப் பெயர், ஒன்றையும் தடுக்காது.

"அந்த இந்தியாப் பிள்ளை எப்படியடி?"

"பிரச்சினை இல்லை அம்மா. சத்தம் போடாத ஆள்."

"சாப்பாடு குடுத்தனியோ?"

"கேட்டனான். வேண்டாமாம். கோயிலுக்கும் கேட்டனான், வேண்டாமாம். தேத்தண்ணியும் வேண்டாமாம்."

"தண்ணி?"

"வந்தண்டைக்கு ஊத்திக் குடுத்தனான். தன்ர போத்திலிலை இருக்காம்."

மெஷின் மட்டும் தண்ணீர் இழுத்தது.

"போத்திலோ?"

"ஓம்."

"அப்ப விளங்குது. எங்கட வீட்டிலை வாய் நனைக்கமாட்டா."

"அம்மா, வேண்டாம் எண்டால் வேண்டாம்தானே. ஏன் அதை இழுக்கிறீங்கள்?"

"உனக்கு உது விளங்காது. ஊரிலை எங்கட படலைக்கு வெளியிலை நிண்டே அலுவல் முடிச்சுக்கொண்டு போன ஆக்களை நீ காணேல்லை. வெய்யிலுக்கை நாக்கு வறண்டு நிப்பினம், எங்கட கிணத்துத் தண்ணியைத் தொடமாட்டினம். இவ்வளவு தூரம் ஓடிவந்து, என்ர சொந்த வீட்டுக்குள்ளையும் எனக்கு அது வேண்டாம். மாசம் முடிய வேற அறை பாக்கச் சொல்லு."

"அம்மா!"

"சண்டை பிடிக்காதை. பண்பாச் சொல்லு. ஆனாக் கட்டாயம் சொல்லு."

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. அறை போய்விடுமே என்பது அப்புறம். ஆன்ட்டி சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு விளங்கியதுதான் காரணம். எங்கள் வீட்டுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அம்மா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டுகிறாள். வேலை அதிகமாக வந்தால் கணக்குப்பிள்ளை எங்கள் தெருவுக்கே வந்து ஆள் கூப்பிடுவார். வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்பார். அம்மா செம்பைத் தேய்த்துத் துலக்கித் தண்ணீர் கொண்டுபோனால், "இப்பத்தான் குடிச்சேன்" என்று துண்டால் வியர்வையைத் துடைப்பார். பொங்கலன்று வந்தால் அப்பா கடைக்கு ஓடிப்போய்க் கலர் வாங்கிவருவார். அவர் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து கொடுத்தால் குடிப்பார். மூடி திறக்காத பாட்டிலில் எங்கள் கை படவில்லை அல்லவா. அவர் போனபின் அந்தச் செம்புத் தண்ணீரை அம்மா பேசாமல் முருங்கை மரத்தடியில் ஊற்றுவாள். அம்மா கல்யாணமாகி வந்த காலத்தில் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி டம்ளர், வெளியே கம்பியில் தொங்குமாம். குடித்துவிட்டுக் கழுவி மாட்டவேண்டியதும் நாங்களே. இப்போது அதெல்லாம் இல்லை, எல்லோருக்கும் பேப்பர் கப் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

மூன்று சுற்று எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூப்பிடுகிறவர்கள் மனசாரக் கூப்பிடுகிறார்களா, ஒப்புக்குக் கூப்பிடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள அம்மாவுக்கு அது தேவைப்பட்டது. நான் அதை நாகரிகம் என்று நினைத்துக் கடல் கடந்து தூக்கிவந்து, அதே அடி வாங்கிய இன்னொருத்தியின் வீட்டில் பாட்டிலைக் காட்டியிருக்கிறேன்.

அறையில் இருக்க முடியவில்லை. ரயிலேறிப் போய், தண்ணீருக்குள் சரிந்து இறங்கும் அந்த வெள்ளை ஓபரா கட்டடத்தின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தேன். சனிக்கிழமை, அபூர்வமான வெயில். கூரை முழுக்கச் சனம். கீழே குளிர்ந்த கடலுக்குள் கத்திக்கொண்டு குதித்தார்கள். என்னைச் சுற்றி மட்டும் ஒரு பாய் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. ஊரில் எங்களைச் சுற்றி இப்படி இடம் விட்டால் அர்த்தம் வேறு, இங்கே அர்த்தம் வேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று இரண்டும் ஒரே மாதிரிதான் வலித்தன.

ஆன்ட்டிக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது என்று யோசித்தேன். நானும் உங்கள் பக்கத்து ஆள்தான் என்று சொல்லலாம். அதற்கு நான் என் தெருவைச் சொல்ல வேண்டும், அவர் தன் தெருவைச் சொல்ல வேண்டும். சாதியைச் சொல்லி அறிமுகமாகிற கேவலத்தை விமானம் ஏறி வந்தும் செய்ய எனக்கு மனமில்லை. தாகமாக இருந்தது. பாட்டிலை அறையிலேயே விட்டிருந்தேன். கடையில் வாங்கிக் குடிக்கவும் பிடிக்கவில்லை. அந்தத் தாகத்தோடேயே வீடு திரும்பினேன்.

கீழே இறங்காமல் நேராக மேல்வாசலுக்குப் போய் அழைப்புமணியை அழுத்தினேன். அக்கா கதவைத் திறந்தாள். பிடிக்காத வேலையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"நானும் உங்களோடை கதைக்கவேணும் எண்டு இருந்தனான். உள்ளுக்கு வாங்கோ."

"அதுக்கு முன்னாடி எனக்குக் குடிக்கத் தண்ணி வேணும்க்கா."

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவுமிடத்தில் கவிழ்த்திருந்த கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்துத் தண்ணீர் பிடித்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஆன்ட்டிக்கு வீடியோ கால் போடுங்கக்கா. நீங்க பேசுனது என் ரூமுக்குக் கேட்டுருச்சு."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "சொறி செண்பகா. அம்மா பழசுகளை மறக்கமாட்டா. எனக்கு அந்தக் கதையள் ஒண்டும் விளங்கிறேல்லை."

"எனக்கு வெளங்குதுக்கா. போடுங்க."

சிவகாமி ஆன்ட்டியை அன்றுதான் முதலில் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி, கல்யாண வீட்டு மருதாணி இன்னும் மங்காத கை. பின்னால் யாரோ பாத்திரம் உருட்டினார்கள்.

"வணக்கம் ஆன்ட்டி."

"வணக்கம் பிள்ளை. அறை வசதியா இருக்கோ?" வீட்டுக்காரியின் குரல், அளந்து வந்தது.

ரயிலில் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. டம்ளரைத் தூக்கி அண்ணாந்து விடாமல், வாயை வைத்துக் குடித்தேன். மடக் மடக்கென்று தொண்டை சத்தம் போட்டது. அக்கா போனைப் பிடித்தபடி நின்றாள். ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெல்லக் குடி பிள்ளை. புரைக்கேறப்போகுது" என்றார்.

நீ என்று கூப்பிட்டுவிட்டார். எனக்கு அது போதும். டம்ளரை அக்காவிடம் நீட்டி, "இன்னொரு கிளாஸ் குடுங்கக்கா" என்றேன். அதையும் குடித்தேன்.

"சாப்பிட்டனியோ?"

நாக்கு பழக்கத்துக்கு, "ஆச்சு" என்று புரண்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். "இல்ல ஆன்ட்டி. வந்ததுலருந்து ஒழுங்காச் சாப்பிடல. பசிக்குது." அதற்குமேல் அழுகையை அடக்க முடியவில்லை, அழுதேன்.

"டிலக்சி! என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பிள்ளைக்குச் சோத்தைப் போடு!"

"நான் எத்தினை தரம் கேட்டனான் அம்மா! வேண்டாம் எண்டவ!"

"வேண்டாம் எண்டால் அப்படியே விடுறதோ?"

"வேற என்ன செய்யிறது?" என்று அக்கா கேட்டாள். அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஆன்ட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சோறு, பருப்பு, முருங்கைக்காய்க் குழம்பு, சொதி. எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டுச் சொதி கெட்டியாக இருக்கும். இது தண்ணீராக, எலுமிச்சை தூக்கலாக இருந்தது. அன்று எனக்கு அதைவிட இது நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்ல முடியாது. தட்டு காலியாகும் நேரம் அக்கா கரண்டியோடு வந்தாள்.

"இன்னும் வைக்கவோ?"

"போதும்க்கா."

கரண்டியைத் திருப்பப்போனவள் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "உண்மையாப் போதுமோ, இல்லாட்டி உங்கட போதுமோ?"

"என்னோட போதும்" என்றேன். வைத்தாள்.

கீழே வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே எல்லோரும் படுக்கப் பாய் விரிக்கும் நேரம். அம்மாவின் தலைக்குமேல் மின்விசிறி கடகடத்தது.

"சாப்ட்டியா செம்பகம்?"

"சாப்ட்டேம்மா. மேல, அவுக வீட்ல."

"நாலு தரம் கூப்ட்டாகளா?"

"இல்லம்மா. நானாப் போயித் தண்ணி கேட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அம்மா திட்டவில்லை.

"குடுத்தாகளா?"

"குடுத்தாக."

பிறகு அம்மா, பக்கத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எந்த டம்ளர்ல?"

மேலே அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவுக குடிக்கிற டம்ளர்லதாம்மா."

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள் அம்மா.